பூட்டுப் போட்ட பாட்டு

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடட்டா தம்பி? குளிர்காத்து காதுல அடிக்கி. நீங்க காதுல அதை மாட்டியிருக்கிய, உங்களுக்குத் தெரியாது. ஐயோ, கழட்ட வேண்டாம், கேளுங்க. பாட்டுத்தானே? நல்லது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்கக் கூடாது. அது காசு குடுத்து வாங்கின பாட்டா, சும்மா வாரதா?

மாசா மாசம் கட்டுதியளா. சரி, ஒரு மாசம் கட்டாம விட்டா? நின்னு போயிரும். அப்போ அது வாங்கினது இல்ல தம்பி, வாடகைக்குப் பிடிச்சது. வீட்டுக்காரன் காலி பண்ணுன்னா காலி பண்ணணும். கோவிச்சுக்கிடாதிய. எனக்கு மத்த எல்லா விசயத்துலயும் வாய் அடங்கிக் கிடக்கும், இந்த ஒரு விசயத்துல மட்டும் நிக்காது. இன்னைக்கு இந்த வாயாலதான் கெட்டேன்.

என் பேரு குற்றாலிங்கம். எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயரானவன். கடை கடையாப் போயி தராசு சரியா நிக்கா, படிக்கல்லு தேஞ்சிருக்கா, பாக்கெட்டு மேல போட்ட எடை பாக்கெட்டு உள்ள இருக்கான்னு பாக்குற வேலை. ஊரு கோவில்பட்டி. மகளைத் திண்டுக்கல்லுல கட்டிக் குடுத்திருக்கு. பொங்கப்படி கொண்டாந்தேன். எங்க பக்கத்துல பொங்கலுக்கு முந்தி மக வீட்டுக்குப் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்கொலை, பானை எல்லாம் தாய் வீட்டுல இருந்து போகணும். வருசா வருசம் வீட்டம்மா செண்பகந்தான் கொண்டு வருவா. இந்த வருசம் அவளுக்கு முட்டுவலி, பஸ் படி ஏற முடியல. "நீங்க போயி ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க, வாயை மட்டும் வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க"ன்னு சொல்லி அனுப்புனா.

காலையில போய் இறங்குனேன். சாயங்காலம் இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன். மாத்து வேட்டியைப் பையை விட்டு வெளிய எடுக்கல பாத்துக்கிடுங்க. வெக்கமா இருக்கு தம்பி. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்டச் சொல்லுததுல எனக்கென்ன வெக்கம், வீட்டுக்குப் போயி செண்பகத்துகிட்ட என்னத்தச் சொல்ல? மக வீட்டுப் படி இனிமே ஏற முடியுமான்னே தெரியல.

நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். எம்பேர்ல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

மக பேரு மீனலோசனி. லோசனின்னு கூப்பிடுவோம். பரதம் படிச்சா, பிரபாவதி டீச்சர்னு ஒரு அம்மாகிட்ட. நல்லா ஆடுவான்னு எல்லாரும் சொன்னாவ. எனக்கு நாட்டியம் பத்தி என்ன தெரியும், பிள்ளை வேர்க்க வேர்க்க ஆடுதா, அவ்வளவுதான் தெரியும். நான் சொல்லுதது, அவ ஒம்பதாங் கிளாஸு படிச்ச காலம். ஊரெல்லாம் சிடி பரவி, திருட்டு சிடி அதைவிடப் பரவிக் கிடந்த நேரம். பஸ் ஸ்டாண்டுல தார்ப்பாயை விரிச்சுக் கூறு கட்டி வித்தான், கத்திரிக்காய் விக்க மாதிரி. எல்லாரும் அதைத்தான் வாங்குனாவ. வாத்தியார் வாங்குனாரு, டாக்டர் வாங்குனாரு, கோயில் தர்மகர்த்தா வாங்குனாரு.

நான் வாங்க மாட்டேன். எடையைக் குறைச்சு விக்கவனைப் பிடிக்கிற கை, திருட்டுச் சாமானைத் தொடலாமா? எங்க வீட்டுல இருக்கிறது எல்லாம் ஒரிஜினல். பில்லோட இருக்கும். விருந்தாடி வந்தா முதல்ல காப்பி, அப்புறம் சிடியை எடுத்துக் காட்டுவேன், இது ஒரிஜினல்னு. செண்பகம் அடுக்களையில இருந்து சொல்லுவா, "ஒரிஜினல்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாடுமாக்கும்"னு. நையாண்டி. அவளுக்குக் கொள்கை கிடையாது தம்பி, நல்லவ.

அந்த வருசம் நவராத்திரிக்கு ஆடுததுக்கு டீச்சர் ஒரு புதுப் பாட்டுச் சொன்னாவ. முருகன் மேல. நாதவாரிதின்னு ஒரு கம்பெனி போட்ட சிடியில இருக்கு. கோவில்பட்டியில ஒரிஜினல் இல்ல. மதுரைக்கு நானே போயி வாங்குனேன். வழவழன்னு அட்டை, மேல மினுமினுன்னு ஒரு ஸ்டிக்கரு. வீட்டுல நம்ம பிளேயர்ல போட்டா கணீர்னு பாடும். லோசனி அதுக்குத்தான் மாசக்கணக்கா ஆடிப் பழகுனா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதே பாட்டு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே மனப்பாடம்.

எங்க ஊர்க் கோயில்ல நவராத்திரி ஒம்பது நாளும் மேடை போடுவாவ. பிள்ளைக வரிசையா வந்து ஆடும், ஊரே உக்காந்து பாக்கும். மைக் செட்டு ஜெபமணி. அவன் ஒரு முறை வச்சிருந்தான். முந்தின நாளே எல்லாப் பிள்ளைக சிடியையும் வாங்கி, தன் கம்ப்யூட்டர்ல ஏத்தி, பேரைப் போட்டு வரிசையா வச்சுக்கிடுவான். பிள்ளை மேடைக்கு வந்து நின்னா ஒரு தட்டுத் தட்டினாப் போதும், பாட்டு வந்துரும். எல்லாரும் குடுத்தாவ. நான் குடுக்கல.

ஏன் குடுக்கல? கம்ப்யூட்டர்ல ஏத்துனா அது நகல். நகல் எடுக்கிறது குத்தம்னு அட்டையிலேயே போட்டிருக்கான். படிச்சவன் நான், தெரிஞ்சே செய்யலாமா?

ஜெபமணி வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கே வந்துட்டான். "சார், நாளைக்கு லோசனி பாட்டு மட்டும்தான் வரல"ங்கான்.

"தர முடியாதுப்பா. நாளைக்கு நானே கையில கொண்டாறேன். போடு, பாடட்டும், திருப்பிக் குடு."

"ஒருக்கப் போட்டாவது பாத்துக்கிடுதேன் சார். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரும்."

"ஒரிஜினலைப் போட்டுப் பாக்கணுமாடே?"ன்னு சிரிச்சேன். அவன் வேற எதோ சொல்ல வாயெடுத்தான். லோசனி நிலைப்படியில நின்னுட்டு, "குடுத்துருங்கப்பா"ன்னா. "நீ உள்ள போ, உனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னேன். போயிட்டா.

இங்க பாருங்க தம்பி, இதுல எங்கயாவது நான் தடம் மாறியிருக்கேனா? இல்லல்ல? அதைத்தான் சொல்லுதேன்.

மறுநாள் சாயங்காலம். கோயில்ல எள்ளு போட்டா எள்ளு விழாது. எங்க ஆபீஸ் ஆள்கள், செண்பகத்தோட அண்ணன் குடும்பம், லோசனி கிளாஸுப் பிள்ளைக எல்லாம் முன்வரிசையில. நான் மேடைக்குப் பக்கத்துல, ஜெபமணி மேசைகிட்ட நிக்கேன், சிடி அட்டையோட. பேரு சொன்னாவ. லோசனி வந்தா. பட்டு, நகை, தலை நிறையப் பூ, எல்லாம் வாடகை, பூவைத் தவிர. வந்து கையை எப்படியோ வச்சுக்கிட்டு நின்னா. பாட்டு வந்ததும் ஆடணும்.

சிடியைப் போட்டான். கர்ரு கர்ருன்னு சுத்துது. பாட்டு வரல. திரையில என்னமோ இங்கிலீசுல ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. அதை மூடுனான், திரும்ப வந்துச்சு. சிடியை வெளிய எடுத்தான், சட்டையில துடைச்சான், திரும்பப் போட்டான். கர்ரு கர்ரு. "உன் மெசினு ஓட்டை"ன்னேன். "மெசினு நல்லாத்தான் இருக்கு சார், இதுவரைக்கும் எல்லாப் பாட்டும் இதுலதான் ஓடுச்சு, உங்க சிடியைத்தான் திறக்க மாட்டேங்குது"ன்னான். கூட்டத்துல எவனோ விசிலடிச்சான்.

அப்போ ஜெபமணி எங்காதுகிட்ட வந்து சொன்னான். "சார், முந்தாநாள் ஆடின பிள்ளை ஒண்ணு இதே பாட்டுத்தான் கொண்டாந்துச்சு. இதுக்குள்ள கிடக்கு. தட்டட்டுமா?"

"அது எங்க வாங்குனது?"

"எங்க சார் வாங்குவாவ, பஸ் ஸ்டாண்டு சிடிதான். சீக்கிரம் சொல்லுங்க சார், பிள்ளை நிக்கா."

நீங்களா இருந்தா என்ன செய்வியளோ தெரியாது. எனக்கு உச்சந்தலை காஞ்சு போச்சு. காசு குடுத்து வாங்கினவன் பாட்டு பாடல. திருடினவன் பாட்டு பாடத் தயாரா இருக்கு. அப்போ யாருடே திருடன்? "திருட்டுப் பாட்டுக்கு என் மக ஆட மாட்டா"ன்னேன். மேசை மேல ஒரு மைக்கு கிடந்திருக்கு, அது உயிரோட இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? கோயில் பூரா கேட்டுச்சு. கேட்டதும் கொஞ்சப் பேரு கை தட்டுனாவ, சிரிச்சாவ. நேர்மைக்கு ஊருல இன்னும் மரியாதை இருக்கத்தான் செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

"நீ போடுடே, அது ஒரிஜினல், பாடும்"ன்னேன். போட்டான். சுத்துது. எடுத்தான், போட்டான். எவ்வளவு நேரம்னு கேக்காதிய, தெரியாது. திடீர்னு ஜல்ஜல்லுன்னு சலங்கைச் சத்தம். அட, பாட்டு இல்லாமலே ஆட ஆரம்பிச்சுட்டாளான்னு நினைச்சேன். நிமிர்ந்து பாத்தா, மேடையை விட்டு இறங்கிப் போயிட்டிருக்கா. படி படியா ஜல்லு, ஜல்லுன்னு. எங்க மானம் அன்னைக்குக் கப்பலேறிப் போச்சு தம்பி. நாதவாரிதிக்காரன் ஏத்தி விட்டான்.

வீட்டுக்கு வந்து அவ சலங்கையைக் கழட்டல. கூடத்துச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. செண்பகம் காலைப் பிடிச்சு ஒவ்வொரு முடிச்சா அவுத்துட்டிருந்தா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நேரா போயி அந்தச் சிடியை நம்ம பிளேயர்ல போட்டேன். பாடுச்சு! கணீர்னு பாடுச்சு! "பாத்தியா லோசனி, எம்மேல தப்பில்ல, சிடி மேலயும் கீறல் இல்ல, அவன் என்னமோ பூட்டுப் போட்டு வித்திருக்கான்"ன்னு சொல்லிச் சத்தத்தைக் கூட்டி வச்சேன். அவளுக்குத் தெரியணும்ல, நம்ம பக்கம்தான் நியாயம்னு. அவ காதைப் பொத்திக்கிட்டா. பிள்ளைதானே, பாட்டு மேல கோவம்.

அப்புறந்தான் அட்டையைத் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம், அடிமூலையில, பேன் முட்டை கணக்கா எழுத்து. கம்ப்யூட்டர்ல ஓடாது, காப்பி எடுக்க முடியாதபடி பாதுகாப்புச் செஞ்சிருக்கு, வீட்டுல கேக்க மட்டும். லென்ஸு வச்சுத்தான் படிச்சேன். என் சர்வீஸுல எத்தனை பிஸ்கட் கம்பெனியை இந்த எழுத்துக்காக நிறுத்தியிருப்பேன்!

சும்மா விடலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனேன், தூத்துக்குடிக்கு. வக்கீல் வைக்கல, நானே பேசுனேன். என்ன கேட்டேன்னா, ஐயா, நான் ஒரு கிலோ அரிசி வாங்குதேன். இது வீட்டுப் பானையில மட்டும் வேகும், கல்யாணப் பானையில வேகாதுன்னா அது அரிசியா? அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு ஆழாக்கு குடுத்துருவேன்னு பயந்துக்கிட்டு அரிசியில கல்லைக் கலப்பியா? திருடனுக்குப் பயந்து கதவைப் பூட்டுறது சரி, வீட்டுக்காரனை வெளிய நிறுத்திப் பூட்டுறது எந்த ஊரு நியாயம்? இந்தப் பூட்டால ஒரு திருடனாவது நின்னானா? அவன் சிடி பஸ் ஸ்டாண்டுல பாடிட்டிருக்கு. பூட்டு எனக்கு. காசு குடுத்த முட்டாளுக்கு. கண்டக்டர் திரும்பிப் பாக்காரு, சத்தமாப் பேசிட்டேனோ?

பேப்பர்லயும் வந்துச்சு. "மேடையில் கண்ணீர் விட்ட மாணவி"ன்னு கொட்டை எழுத்துல. நான்தான் நிருபரை வீட்டுக்குக் கூட்டியாந்தேன். லோசனி போட்டோ வேண்டாம்னா. அலமாரியில பள்ளிக்கூடத்துப் போட்டோ கிடந்தது, அதைக் குடுத்தேன். பேரு, கிளாஸு, எல்லாம் வந்துச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல அவளுக்கு "ஒரிஜினல்"னு பட்டப்பேரு வச்சுட்டாளுகளாம். ஒரு நாள் அழுதுட்டு வந்தா. "ஏட்டி, அது கெட்ட பேரா? பெருமைப்பட வேண்டிய பேருல்லா"ன்னேன். செண்பகம் என்னை ஒரு பார்வை பாத்தா. ரெண்டு நாள் சோறு வச்சா, பேசல.

லோசனியைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். கம்பெனி வக்கீல் நயமான ஆளு. "பயப்படாதம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீயே சொல்லு"ன்னாரு. பிள்ளை தலை நிமிரல. "பாட்டு இருந்துச்சு சார். அப்பா போட விடல"ன்னா.

அவ்வளவுதான். உக்காந்துட்டா.

பயந்துட்டா தம்பி. கூட்டத்தைக் கண்டா நாக்கு பிறழத்தானே செய்யும்? வீட்டுல எவ்வளவு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். சிடிக்கு உண்டான விலையைத் திருப்பிக் குடு, எழுத்தைப் பெருசாப் போடுன்னு உத்தரவு ஆச்சு. மன உளைச்சலுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாவ. அதுக்கு மனுதாரரே காரணம்னு ஒரு வரி. அந்த வரியை விடுங்க. நான் சொன்னது சரின்னு கோர்ட்டு ஒத்துக்கிட்டுல்லா? இப்போ அந்தப் பூட்டுப் போட்ட சிடியே கிடையாது, எல்லாக் கம்பெனியும் விட்டுட்டான். நாமதான் மொத அடி அடிச்சோம்.

அவ பரதத்தை விட்டுட்டா. பத்தாங் கிளாஸு, படிப்பு பாரம்.

கல்யாணம் பேசி முடிஞ்ச அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அப்பா, அவங்க வீட்டுல நான் ஆடினது, அந்தக் கேஸு, எதுவும் சொல்லக் கூடாது." சரின்னேன். மாப்பிள்ளை வீடு கொஞ்சம் பழைய ஆள்கள், பொம்பளப் பிள்ளை மேடையேறி ஆடுனான்னா முகம் சுளிப்பாகளோன்னு பயப்படுதா போலன்னு நானா நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருசம் காப்பாத்துனேனே. ஆனா செண்பகம் எப்பவும் பக்கத்துல இருப்பா. நான் வாயைத் திறந்தாலே முழங்கையால ஒரு இடி இடிப்பா.

இன்னைக்கு இடிக்க ஆள் இல்ல.

மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டாரு. நானும் சம்பந்தியம்மாவும்தான். சௌந்தரம்னு பேரு, வெள்ளந்தியான அம்மா. லோசனி பரிமாறுதா. அந்தம்மா சும்மா பேச்சுவாக்குல ஒரு குறை சொல்லுச்சு. "காலையில எந்திரிச்சதும் சாமி பாட்டுக் கேப்பேண்ணே. மகன் போன்ல ஏத்திக் குடுத்திருந்தான். இந்த மாசம் காசு கட்ட மறந்துட்டானாம், பாட்டெல்லாம் பூட்டிக்கிச்சு. எம்பாட்டை எவன்ணே பூட்டுறது?"

நீங்களே சொல்லுங்க. பசிச்சவன் முன்னால இலையைப் போட்டா அவன் என்ன செய்வான்? "அம்மா, இதே பூட்டு எங்க குடும்பத்துல என்ன செஞ்சுச்சு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சவன்தான். மதுரைக்குப் போயி வாங்குனதுல இருந்து தூத்துக்குடித் தீர்ப்பு வரைக்கும் ஒண்ணு விடல. பேப்பர்ல வந்ததை லேமினேட் பண்ணிப் பையிலயே வச்சிருப்பேன், அதையும் எடுத்துக் காட்டுனேன். அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னு போச்சு. அது எனக்குக் காதுல விழுந்துச்சு தம்பி. விழுந்தும் நான் நிறுத்தல.

சம்பந்தியம்மா முகம் சுளிக்கல. அதுதான் ஆச்சரியம். கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, "நம்ம லோசனி பரதம் ஆடுவாளா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நானே சின்னப் பிள்ளையில ஆடணும்னு அழுது அடி வாங்கினவண்ணே"ன்னுச்சு. அவ்வளவு சந்தோசம். பேப்பரைக் கிட்ட வச்சுப் பாத்துச்சு. அப்புறம், "எப்படிண்ணே நின்னா? பாட்டு வராம மேடையில எப்படி நின்னா? செஞ்சு காட்டுங்களேன்"னு கேட்டுச்சு.

நான் சோத்துக் கையோட உக்காந்திருக்கேன். இடது கையைத் தூக்குனேன். தூக்கிட்டு யோசிக்கேன். வரல.

கம்ப்யூட்டர்ல வந்த பெட்டி ஞாபகத்துல இருக்கு. ஜெபமணி சட்டைப்பை ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குனது ஞாபகத்துல இருக்கு. சிடி அட்டையில எங்க மடிப்பு விழுந்திருந்ததுன்னு இப்போ கேட்டாலும் சொல்லுவேன். பிள்ளை நின்னது தெரியல. இந்தக் கதையைக் கோர்ட்டுல சொன்னேன், பேப்பர்க்காரன்கிட்டச் சொன்னேன், கல்யாண வீடு, துட்டி வீடு, பஸ்ஸு, ரயிலுன்னு எவ்வளவு பேருகிட்டச் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் இதைக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், நான் மேடையைப் பாக்கவே இல்லைன்னு.

மெசின்கிட்ட நின்னா மெசினைத்தானே தம்பி பாக்கணும்? என்ன, சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம்.

எதையாவது காட்டணுமேன்னு கையை இடுப்புல வச்சு, தலையைச் சாய்ச்சு, "இப்படித்தாம்மா நின்னா"ன்னேன்.

"அப்படி இல்லப்பா."

லோசனி நிலைவாசல்ல நிக்கா, ரசக் கிண்ணத்தோட. கிண்ணத்தைக் கீழ வச்சா. கையை முந்தானையில துடைச்சா. எங்க இலைக்கு நேரா வந்து நின்னு, ஒரு காலை மடக்கி முன்னால வச்சா. வலது கையை ஒசத்தி, முருகன் வேலைப் பிடிச்ச மாதிரி வச்சா. இடது கையைத் தோகை மாதிரி பக்கத்துல விரிச்சா. கண்ணு மட்டும் எங்களைப் பாக்கல, தலைக்கு மேல, தூரத்துல, பாட்டு எங்கேயிருந்து வரப் போகுதுன்னு பாக்க மாதிரி இருந்துச்சு. முகத்துல ஒரு சிரிப்பு. ஆடுத பிள்ளைக வச்சுக்கிடுமே, அந்தச் சிரிப்பு. அதை வச்சுக்கிட்டு நின்னா.

நின்னா தம்பி. இப்போ இறக்கிருவா, இப்போ இறக்கிருவான்னு பாக்கேன், இறக்கல. சம்பந்தியம்மா மொதல்ல "அடடா"ன்னுச்சு, அப்புறம் பேப்பரைக் கீழ வச்சுருச்சு. என் கையில சோறு காஞ்சு ஒட்டிக்கிச்சு. அவளுக்குத் தோளு நடுங்க ஆரம்பிச்சுருச்சு. சிரிப்பு மாறல. போதும்மான்னு சொல்லணும். வாய் வரல. எத்தனை நாளு எத்தனை பேச்சுப் பேசின வாயி, அந்த ஒரு வார்த்தைக்கு வரல. தலையைக் குனிஞ்சுட்டேன். குனிஞ்சதும் தோணுச்சு, இப்பவும் பாக்காம இருக்கோமேன்னு. நிமிர்ந்து பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன்.

அவளாத்தான் இறக்குனா. மாமியாரைப் பாத்து, "இவ்வளவுதான் அத்தை, இதுக்கு மேல பாட்டு வரல"ன்னா. ரசக் கிண்ணத்தை எடுத்தா. எனக்கு ஊத்துனா, பதமா, இலை ஓரம் வழியாம. ஊத்திக்கிட்டே கேட்டா:

"அப்பா, உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

ரெண்டு நாள் இருக்கத்தாம்மா வந்தேன்னு சொல்லியிருக்கலாம். அஞ்சு மணிக்குன்னு சொல்லிட்டேன். அப்படி ஒரு பஸ் இருக்கா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது தம்பி.